மண்ணால் எழுந்த மதில்கள்: இங்கிலாந்து உள்நாட்டுப் போரும் நகர அரண்களும்

1642ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் நாட்டிங்ஹாம் நகரில் தம் போர்க்கொடியை ஏற்றினார். அவருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த பகை அன்றோடு வெளிப்படையான போராகியது. அந்த நாளில் இங்கிலாந்தின் நகரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பீரங்கியைத் தாங்கக்கூடிய அரண் எதுவும் இருக்கவில்லை. இடைக்காலத்தில் எழுப்பப்பட்ட கல்மதில்கள் சில ஊர்களில் இருந்தன. ஆனால் உள்நாட்டில் பெரும்போர் ஒன்றைக் காணாமலே தலைமுறைகள் கழிந்திருந்ததால், மக்கள் அந்த மதில்களின் கற்களைப் பெயர்த்து வீடு கட்டியிருந்தார்கள், அகழிகளைத் தூர்த்துத் தோட்டம் போட்டிருந்தார்கள், மதிலுக்கு வெளியேயும் தெரு தெருவாகக் குடியேறியிருந்தார்கள். இந்த நிலையில் இருந்த நகரங்கள் நான்கே ஆண்டுகளில் தம்மைச் சுற்றி மண்ணாலேயே மதில் எழுப்பிக்கொண்டன. அவற்றில் சில மாதக்கணக்கில் தாங்கின. சில ஒரே காலைப்பொழுதில் விழுந்தன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணின் தரமா, உயரமா, பொறியாளரின் திறமையா என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் வேறொரு கணக்கில்தான் போய் நிற்கிறோம்: வளைத்துக் கட்டிய அரண் எத்தனை நீளம், அதன் பின்னால் நிற்க எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு அது.

முதலில், ஏன் மண் என்பதைப் பார்க்க வேண்டும். உயரமாகவும் ஒல்லியாகவும் எழுப்பிய கல்மதில், ஏணி வைத்து ஏறுபவனைத் தடுப்பதற்கு ஏற்றது. இரும்புக் குண்டு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மோதும்போது கல் விரிகிறது, சில்லுகளாகத் தெறிக்கிறது, ஒரு கட்டத்தில் மேற்பகுதி முழுவதும் சரிந்து அகழியிலேயே விழுந்து எதிரி ஏறி வருவதற்கான சரிவுப் பாதையையும் அமைத்துக் கொடுத்துவிடுகிறது. மண்மேட்டில் மோதும் குண்டோ உள்ளே புதைந்து அடங்கிவிடும். பகலில் ஏற்பட்ட பள்ளத்தை இரவில் கூடை மண் கொட்டி அடைத்துவிடலாம். இத்தாலியிலும் அதன்பின் நெதர்லாந்திலும் நூறாண்டுக்கும் மேலாக நடந்த போர்கள் இந்தப் பாடத்தை ஐரோப்பாவுக்குப் புகட்டியிருந்தன. நெதர்லாந்துப் போர்களில் கூலிப்படை வீரர்களாகவும் அதிகாரிகளாகவும் இருந்து திரும்பிய ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர் பலர் இருதரப்பிலும் இருந்தார்கள். அரசர் தரப்பின் தலைமைப் பொறியாளரான பெர்னார்ட் டி கோம் நெதர்லாந்துக்காரரே. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மண் இலவசம். கல்லுக்குச் சுரங்கமும் கொத்தனும் சுண்ணாம்பும் ஆண்டுக்கணக்கான காலமும் வேண்டும்; மண்ணுக்கு மண்வெட்டியும் கைகளும் சில வாரங்களும் போதும்.

ஆனால் மண்ணை வெறுமனே குவித்துவிட்டால் அது அரண் ஆகிவிடாது. முதல் மழையிலேயே கரைந்து வழிந்துவிடும். வேலை நடந்த முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் முளையடித்துக் கயிறு கட்டி அரணின் கோட்டைக் குறித்தார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே அகழி தோண்டி, எடுத்த மண்ணை உட்புறம் வீசினார்கள். ஆக, ஒரே வெட்டில் வெளியே பள்ளமும் உள்ளே மேடும் கிடைத்தன. வீசிய மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பித் திமிசு போட்டு இறுக்கினார்கள். மேட்டின் வெளிமுகத்துக்கு, பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து வேரோடும் மண்ணோடும் செங்கல் அளவில் வெட்டியெடுத்த புற்கட்டிகளை வரிசை வரிசையாகச் சாய்த்து அடுக்கினார்கள். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதும் அந்தச் சரிவு மழைக்கு அசையாமல் நின்றது. சரிவின் நடுவில், எதிரியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்குமாறு கூர்சீவிய கழிகளை நெருக்கமாகப் பதித்தார்கள். அகழியின் அடியிலும் கூர்முனைக் கம்பங்களை நட்டார்கள். பீரங்கிகளின் இருபுறமும் மிலாறுகளால் பின்னிய பெரிய கூடைகளை நிறுத்தி மண் நிரப்பினார்கள்.

நேர்கோட்டில் ஓடும் மேட்டுக்கு ஒரு குறை உண்டு: அதன் அடிவாரம் வரை வந்து ஒட்டிக்கொண்டவனை மேலே நிற்பவனால் எட்டிப் பார்த்துச் சுட முடியாது. ஆகவே குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாக, அம்பின் முனை போல வெளியே துருத்தும் கொத்தளங்களைக் கட்டினார்கள். ஒரு கொத்தளத்தில் நிற்பவர் அடுத்த கொத்தளத்தின் பக்கவாட்டையும் இடையிலுள்ள மேட்டின் அடிவாரத்தையும் சுட முடிய வேண்டும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான தொலைவை மஸ்கட் துப்பாக்கியின் குண்டு எவ்வளவு தூரம் பயனோடு பாயும் என்பதே முடிவு செய்தது. நகரைச் சுற்றிய கோட்டுக்கு வெளியே, உயர்ந்த இடங்களில் தனியாக நிற்கும் நட்சத்திர வடிவக் காவற்கோட்டைகளும் எழுந்தன. டச்சு மொழியிலிருந்து வந்த சொல்லால் இவற்றை ஸ்கான்ஸ் என்றார்கள்.

இந்த வேலையை யார் செய்தார்கள் என்பதற்கு லண்டனைப் போல விரிவான விடை தரும் ஊர் வேறில்லை. 1642 அக்டோபர் 23இல் எட்ஜ்ஹில் போர் முடிவின்றி முடிந்ததும் அரசர் தலைநகரை நோக்கி நகர்ந்தார். நவம்பர் 12இல் அவர் படை பிரென்ட்ஃபோர்டைச் சூறையாடியது. மறுநாள் டர்ன்ஹாம் கிரீன் வெளியில் லண்டன் நகரக் காவல் படையினர் பெருந்திரளாக வந்து எதிர்நின்றதால் அரசர் பின்வாங்கினார். நகரம் தப்பியது, ஆனால் அச்சம் போகவில்லை. குளிர்காலத்திலேயே தொடங்கியிருந்த வேலைக்கு 1643 மார்ச்சில் நாடாளுமன்றம் முறையான ஆணை பிறப்பித்தது. லண்டன் மாநகரம், வெஸ்ட்மின்ஸ்டர், தேம்ஸ் ஆற்றுக்குத் தென்கரையிலுள்ள சவுத்வர்க் ஆகிய மூன்றையும் ஒன்றாக வளைத்து, ஏறத்தாழ 11 மைல், அதாவது 18 கிலோமீட்டர் நீளத்துக்கு அகழியும் மண்மேடும் தோண்டப்பட்டன. இடையிடையே இருபதுக்கும் மேற்பட்ட கோட்டைகள் அமைந்தன. அகழி சராசரியாக 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே, கைகளால் தோண்டிச் சுமந்த மண் ஒரு லட்சம் கன மீட்டரைத் தாண்டுகிறது. வேலையின் பெரும்பகுதி அந்த வசந்த காலத்துக்குள் முடிந்துவிட்டது.

வில்லியம் லித்கோ என்ற ஸ்காட்லாந்துப் பயணி அந்த ஆண்டு இந்த அரண் முழுவதையும் நடந்தே சுற்றி வந்து தாம் கண்டதைப் பதிவு செய்தார். அவர் கணக்கில் சுற்றளவு 18 மைல். கோணல்மாணலாக ஓடும் மேட்டைக் காலால் அளந்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். அந்தப் பதிவின் உயிர், வேலைக்குப் போன மக்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. தொழில்வாரியாக, முரசு முழங்கக் கொடி பிடித்து அணிவகுத்துப் போனார்கள். தையற்காரர்கள் 46 கொடிகளோடு 8,000 பேர். தேம்ஸ் படகோட்டிகள் 37 கொடிகளோடு 7,000 பேர். செருப்பு தைப்பவர்கள் 29 கொடிகளோடு 5,000க்கும் மேற்பட்டோர். மீன் விற்கும் பெண்களும் சீமாட்டிகளும் ஒரே மேட்டில் கூடை சுமந்தார்கள். நாளொன்றுக்கு 20,000 பேர் கூலியின்றி வேலை செய்வதாக வெனிஸ் குடியரசின் பிரதிநிதி தம் அரசுக்கு எழுதினார். அவரே இன்னொன்றையும் கவனித்தார்: இந்தக் கோட்டைகளின் அமைப்பைப் பார்த்தால், அரசர் படையைத் தடுப்பது மட்டும் நோக்கமாகத் தெரியவில்லை, நகர மக்களிடையே கலகம் மூண்டால் அடக்குவதற்கும் இவை உதவும் என்று எழுதினார். வெளியார் கண்ணுக்குத்தான் இது தெரிந்தது. உற்சாகத்தோடு மண் சுமந்த படகோட்டிக்கு, தன் நகரத்தின் மீதே திரும்பக்கூடிய பீரங்கி மேடையைத் தான் கட்டுவதாகத் தோன்றியிருக்காது.

எல்லா ஊர்களிலும் இப்படிக் கொடி பிடித்துக்கொண்டு மக்கள் வந்துவிடவில்லை. அரசர் தம் தலைநகராக ஆக்கிக்கொண்ட ஆக்ஸ்போர்டில் 16 முதல் 60 வயது வரையுள்ளோர் வாரத்துக்கு ஒரு நாள் அரண் வேலைக்கு வர வேண்டும், வராதவர் பணம் கட்ட வேண்டும் என்று ஆணையிட வேண்டியிருந்தது. ஆணை இருந்தும் ஆட்கள் குறைவாகவே வந்தார்கள். அவ்வூர் மக்களில் பலரின் மனம் நாடாளுமன்றத்தின் பக்கம் இருந்தது. மனமில்லாத கை எவ்வளவு மண் வெட்டும் என்பது தெரிந்ததே. இருந்தும் ஆக்ஸ்போர்டு தாங்கியது என்றால், மூன்று புறமும் அதைச் சூழ்ந்த தேம்ஸ், செர்வெல் ஆறுகளும் அவற்றின் ஈரப் புல்வெளிகளும் பாதி வேலையை முன்பே செய்து வைத்திருந்ததுதான் காரணம்.

காக்க வேண்டிய எல்லை குறுகியும் உள்ளிடம் விரிந்தும் இருப்பதே நல்ல அரண் என்று நம் முன்னோர் அரணுக்கு இலக்கணம் வகுத்தார்கள். அந்த இலக்கணம் பிழைத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிஸ்டல் நகரம் சான்று. லண்டனுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட இந்தத் துறைமுகம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போலக் குன்றுகளுக்கு நடுவே அமைந்தது. குன்றுகளை எதிரியிடம் விட்டுவிட்டால் அங்கிருந்து பீரங்கியால் நகரத்தைச் சுடுவான். ஆகவே வடக்கே குன்றுகளின் முகட்டிலேயே அரணை ஓட்டினார்கள். பிரையர்ஸ் ஹில், விண்ட்மில் ஹில், பிராண்டன் ஹில் ஆகியவற்றில் கோட்டைகள் எழுந்தன. சுற்றளவு 4 மைலுக்குக் குறையாமல் நீண்டது. மேட்டுநிலத்தில் பாறை தட்டியதால் பல இடங்களில் அகழி ஆழமாக இறங்கவில்லை. கோட்டைகளுக்கு இடையே ஓடிய மேடும் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக எழவில்லை.

1643 ஜூலையில் இளவரசர் ரூபர்ட் அரசர் படையோடு வந்தபோது நாடாளுமன்றத்தின் ஆளுநரான நதானியேல் ஃபைன்ஸிடம் இருந்தவர்கள் குதிரைப்படையையும் சேர்த்து ஏறத்தாழ 1,800 பேர். பீரங்கிக்கும் கோட்டைக்கும் ஒருவரைக்கூட ஒதுக்காமல், ஒருவரும் உறங்காமல், எல்லோரையும் மேட்டின் மேல் வரிசையாக நிறுத்தினாலும் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே மூன்றரை மீட்டர் இடைவெளி விழும். ஜூலை 26 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. தெற்கே ஆழமான அகழியில் இறங்கி ஏற முயன்ற கார்ன்வால் வீரர்கள் குவியலாக மடிந்தார்கள். அவர்களின் முதன்மைத் தளபதிகளும் அங்கேயே வீழ்ந்தார்கள். ஆழமாகத் தோண்டிய இடத்தில் மண் தன் கடமையைச் செய்தது. வடக்கே, விண்ட்மில் ஹில் கோட்டைக்கும் பிராண்டன் ஹில் கோட்டைக்கும் இடையே எந்தத் துப்பாக்கியின் பார்வையும் சரியாக விழாத ஒரு தாழ்வு இருந்தது. கர்னல் ஹென்றி வாஷிங்டனின் ஆட்கள் அங்கே மேட்டை ஏறிக் கடந்து, கையாலும் ஆயுதங்களாலும் மண்ணைச் சரித்துக் குதிரைகளுக்கு வழி செய்தார்கள். அவர்களை உடனே விரட்ட உள்ளே மாற்றுப்படை இல்லை. மாலைக்குள் நகரம் கைமாறியது. சரணடைந்த குற்றத்துக்காக ஃபைன்ஸுக்குப் படைத்துறை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அவர் மன்னிக்கப்பட்டார். என் கணிப்பில், அந்த நீளத்தை அந்த ஆட்களைக் கொண்டு எவராலும் காத்திருக்க முடியாது. இதற்கான சான்றை அவரை வென்றவரே இரண்டு ஆண்டுகள் கழித்து அளித்தார். பெர்னார்ட் டி கோம் ராயல் ஃபோர்ட் என்ற ஐங்கோணக் கோட்டையை அமைத்து வலுப்படுத்தியிருந்த அதே பிரிஸ்டலில், இப்போது காப்பவராக நின்ற ரூபர்ட், 1645 செப்டம்பர் 10இல் நாடாளுமன்றத் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸின் படை நள்ளிரவுக்குப் பின் பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்கியதும் நெடிய மேட்டைப் பிடித்துவைக்க முடியாமல் சரணடைந்தார். அன்று பிரையர்ஸ் ஹில் கோட்டை மட்டும் சில மணி நேரம் தனியாக நின்று போராடியது. அதைப் பிடித்ததும் உள்ளிருந்தவர்களில் பெரும்பாலோரை வெட்டிச் சாய்த்தார்கள். மாமன் என்றும் பாராமல் மருமகன் என்றும் பாராமல் போர் எல்லா உறவையும் முறிக்கும். தம் உடன்பிறந்தாளின் மகனான ரூபர்டை அரசர் பதவியிலிருந்து நீக்கினார்.

பிரிஸ்டல் முதன்முறை விழுந்த இரண்டே வாரத்தில், 1643 ஆகஸ்ட் 10இல், அரசரே நேரில் வந்து குளோஸ்டர் நகரை முற்றுகையிட்டார். அங்கு ஆளுநர் எட்வர்ட் மேசியிடம் இருந்ததும் ஏறத்தாழ 1,500 பேர்தான். ஆனால் அவர் கைக்கு அடங்கிய எல்லையையே காத்தார். கிழக்கிலும் தெற்கிலும் நின்ற பழைய கல்மதிலின் உட்புறம் மண்ணைக் கொட்டித் தடித்த அரணாக்கினார். மதில் இல்லாத வடக்கில் புதிய மண்மேடு எழுப்பினார். மதிலுக்கு வெளியே பரந்திருந்த புறநகரை முற்றுகை தொடங்கும்போது தாங்களே கொளுத்தினார்கள். 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. எதிரி ஒளிந்துகொள்ளக் கூரையும் சுவரும் கிடைக்கக்கூடாது என்பது போர்முறையில் சரியான கணக்கு. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் அன்று உள்ளே, மதிலின் மேல் நின்று அந்தப் புகையைப் பார்த்திருப்பார்கள். மண் அரண் இலவசம் என்று முன்னே சொன்னேன். அதற்கான விலையை இப்படித்தான் கொடுத்தார்கள்.

அந்த முற்றுகையில் என் மனத்தை விட்டு நீங்காத காட்சி ஒன்று உண்டு. புற்கட்டிகள் தீர்ந்துவிட்டபோது, ஊர்ப் பெண்களும் சிறுமிகளும் நாள்தோறும் அரணுக்கு வெளியே இருந்த சிறு புல்வெளிக்குப் போய், எதிரிப் படையின் கண்ணெதிரிலேயே புல்லை வெட்டிச் சுமந்து வந்தார்கள் என்று முற்றுகையின்போது உள்ளிருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். முற்றுகையிட்டவர்கள் அகழியைத் தூர்க்க முயன்றார்கள், சுரங்கம் தோண்டினார்கள், நெருப்புக் குண்டுகளை ஊருக்குள் வீசினார்கள். செப்டம்பர் 5இல் நாடாளுமன்றத் தளபதி எசெக்ஸ் பிரபுவின் படை லண்டனிலிருந்து நடந்து வந்து சேர்ந்தபோது நகரில் மூன்று பீப்பாய் வெடிமருந்துதான் எஞ்சியிருந்தது. வூஸ்டர் நகரிலும் அதே ஆண்டு நாளொன்றுக்கு 400 பெண்கள் மண்வெட்டியும் முரசும் கொடியுமாக வெளியே போய், முன்பு தாக்க வந்தவர்களுக்கு மறைவாக உதவிய மேடுகளையெல்லாம் வெட்டிச் சமப்படுத்தினார்கள். அரண்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் பெயரால் சொல்லப்படுகிறது. மேட்டின் ஒவ்வொரு கூடை மண்ணும் பெயர் தெரியாதவர் தலையிலோ தோளிலோ ஏறி வந்தது.

நியூவர்க் இவை எல்லாவற்றிலும் சிறிய ஊர். போருக்கு முன் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த சந்தை நகரம். ஆனால் லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலை டிரென்ட் ஆற்றைக் கடக்கும் இடம் அது. ஆக்ஸ்போர்டையும் யார்க்கையும் இணைக்கும் அரசரின் கயிற்றில் ஒரு முடிச்சு. 1643 பிப்ரவரியில் முதல் தாக்குதல் வந்தபோது அங்கே இருந்தது அவசரத்தில் தோண்டிய தாழ்ந்த மேடும் அகழியும்தான். அதைக் கொண்டே விரட்டியடித்தார்கள். 1644இல் இரண்டாம் முற்றுகையை மார்ச் 21 அன்று ரூபர்ட் வெளியிலிருந்து வந்து உடைத்தார். அதன் பிறகு ஊரார் சும்மா இருக்கவில்லை. அரணைக் கொத்தளங்களோடு திருத்தி எழுப்பி, வடகிழக்கில் கிங்ஸ் ஸ்கான்ஸ், தென்மேற்கில் குயின்ஸ் ஸ்கான்ஸ் என்ற இரண்டு நட்சத்திரக் கோட்டைகளைக் காவல் நாய்களைப் போல வெளியே நிறுத்தினார்கள். முந்தைய இரண்டு முறையும் எதிரி எங்கிருந்து வந்தான், எந்த மேட்டில் பீரங்கியை வைத்தான் என்பதை அறிந்தவர்கள் போட்ட திட்டம் அது.

1645 நவம்பர் 26இல் மூன்றாம் முற்றுகை தொடங்கியது. வெளியே ஸ்காட்லாந்துப் படையும் நாடாளுமன்றப் படையுமாக ஏறத்தாழ 16,000 பேர். உள்ளே ஏறத்தாழ 2,000 வீரர்கள். முற்றுகையிட்டவர்கள் மேட்டின் மேல் மோதி உயிர்விடத் துணியவில்லை. அவர்களும் மண்வெட்டியை எடுத்து, ஊரைச் சுற்றி எதிர் அரண் ஒன்றை எழுப்பி, அதிலும் தனிக்கோட்டைகளை அமைத்துப் பட்டினி போடப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தியர் தம் பாசறைக்கு எடின்பரோ என்றே பெயர் வைத்தார்கள். மாவரைக்கும் ஆலைகள் நின்றுபோக வேண்டும் என்பதற்காக ஆற்றுநீரைத் திருப்பினார்கள். உள்ளே பணம் தீர்ந்தபோது வெள்ளித் தட்டுகளை வெட்டிச் சாய்சதுர நாணயங்கள் அடித்தார்கள். கிரீடத்தையும் அரசரின் பெயரெழுத்துகளையும் ஒருபுறமும், முற்றுகையிடப்பட்ட நியூவர்க் என்பதையும் ஆண்டையும் மறுபுறமும் பொறித்த அந்தக் காசுகளில் சிலவற்றின் மேல், அவை எந்தத் தட்டிலிருந்து வந்தனவோ அதன் அலங்காரக் கோடுகள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. காய்ச்சலும் கொள்ளைநோயும் நெருக்கடியான தெருக்களில் பரவின. ஆறு மாதத்துக்கு நெருங்கியும் மண் அரணை எவராலும் உடைக்க முடியவில்லை. 1646 மே 5இல் அரசர் பக்கத்திலிருந்த சவுத்வெல் ஊரில் ஸ்காட்லாந்தியரிடம் தம்மையே ஒப்படைத்துவிட்டு, நியூவர்க்கையும் ஒப்படைக்கச் சொல்லி ஆணை அனுப்பினார். மே 8இல் படை வெளியேறியது.

லண்டனின் 18 கிலோமீட்டர் அரணை அரசர் படை ஒருநாளும் தாக்கவில்லை. அதற்கு நேர்ந்த ஒரே சோதனை நாடாளுமன்றத்தின் சொந்தப் படையிடமிருந்தே வந்தது. 1647இல் சம்பள பாக்கியும் அரசியல் பிணக்கும் முற்றி, புதிய மாதிரிப் படை தலைநகரை நோக்கி வந்தபோது, ஆகஸ்ட் தொடக்கத்தில் சவுத்வர்க் மக்கள் தாங்களே வாயிலைத் திறந்துவிட்டார்கள். மண் சுமந்த அதே மக்களுக்கு இப்போது காக்க மனம் இல்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே நாடாளுமன்றம் அரணை இடிக்க ஆணையிட்டது. கல்மதிலை இடிப்பதுதான் கடினம். மண்மதிலை உழவர்களும் தோட்டக்காரர்களும் வீடு கட்டுவோரும் சத்தமில்லாமல் தின்றுவிடுவார்கள். மேட்டை அகழிக்குள் தள்ளினால் இரண்டும் மறைந்துவிடும். இன்று மத்திய லண்டனின் மேஃபேர் பகுதியில் மவுண்ட் தெரு என்ற பெயர் மட்டும் அங்கிருந்த மண்கோட்டையை நினைவூட்டுகிறது.

நியூவர்க்கிலும் இடிக்கத்தான் ஆணை வந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்தார் மண்வெட்டியோடு வர வேண்டும் என்றார்கள். ஆனால் ஊருக்குள் கொள்ளைநோய் இருந்தது. அருகில் வர எவரும் விரும்பவில்லை, தொடங்கிய வேலையும் அரைகுறையாக நின்றது. கிங்ஸ் ஸ்கான்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அழிந்தது. குயின்ஸ் ஸ்கான்ஸ் மட்டும் டெவன் ஆற்றங்கரை மேட்டில், இன்று ஊர்ப் பூங்காவாக இருக்கும் இடத்தில், நான்கு மூலைகளிலும் நான்கு கொத்தளங்களோடு ஏறத்தாழ 3 ஏக்கரில் அப்படியே கிடக்கிறது. அகழி சில இடங்களில் 21 மீட்டர் அகலம். அதன் அடியில் இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தால், இரண்டு பக்கத்துக் கொத்தளங்களின் முனைகளும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். அதாவது, அந்த இரண்டிலும் நின்றவர்களின் துப்பாக்கிகளுக்கு நாம் நிற்கும் இடம் தெரியும்.